ரப்பருக்கு நான் சொன்ன ஆமா

துறைத் தலைவர் என்னிடம் ஒரு பக்கம்தான் கேட்டார். "உங்க ஓரகத்தியைப் பத்தி உங்களைவிட நல்லா யாருக்கு மேடம் தெரியும்? பிரிவு உபசார மலர்ல போடணும். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க." கொடுத்துவிட்டேன். அடக்கமானவர், அயராத உழைப்பாளி, மாணவர்களிடம் தாயன்பு காட்டுபவர். பெயரை அடித்துவிட்டு யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அப்படி ஒரு பக்கம். படித்துவிட்டு மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் வராததைத்தான் இங்கே எழுதப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் மேல் பொறாமை. ஏதோ போகிற போக்கில் வந்த பொறாமை இல்லை, இருபது வருஷம் ஊறியது. இதைத் தெரிந்துகொண்டு மேலே படித்தால் பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டியிருக்காது.

அவளுக்குக் கல்லூரியில் ரப்பர் என்று பெயர். கணிதத் துறையில் லாஜிக் ஆய்வுக்கென்று ஒதுக்கியிருந்த தருக்க அறைக்கு ஆய்வு மாணவியாக வந்த நாளிலிருந்து அவள் கையில் பென்சிலைவிட அதிக நேரம் இருந்தது ரப்பர்தான். ஒரு வரி எழுதுவாள், அதை முறைத்துப் பார்ப்பாள், அழிப்பாள். அழித்த தூளை ஊதுவாள். அது எதிர் மேஜையில் இருக்கும் என் காகிதத்தில் வந்து விழும். அந்த அறை இரண்டாம் மாடியில், கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மேஜைகள், திறந்தால் சாத்த முடியாத ஒரு ஜன்னல், பாதி கறுப்பு உரிந்துபோன ஒரு கரும்பலகை. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

பிடித்துப்போய் நான் செய்த வேலையைக் கேளுங்கள். அந்தச் சமயம் என் கொழுந்தனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். "எங்க டிபார்ட்மென்ட்லயே ஒரு பொண்ணு இருக்கா, தங்கமான பொண்ணு" என்று இந்தப் பாழாய்ப்போன வாயால் நானே சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். ஆறே மாதத்தில், எதிர் மேஜையில் இருந்தவள் என் தலைக்கு மேலேயே குடிவந்துவிட்டாள்.

தலைக்கு மேலே என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டின் தரைத் தளத்தில் கண்ணாடிக் கடை. என் கணவரும் அவர் தம்பியும் ஜன்னலுக்கும் மேஜைக்கும் முகம் பார்ப்பதற்கும் கண்ணாடியை அளவெடுத்து வெட்டிக் கொடுப்பார்கள். முதல் மாடியில் நாங்களும் மாமியாரும். இரண்டாம் மாடியில் ரப்பரும் கொழுந்தனும். அவள் நாற்காலியை இழுத்தால் என் கூரையில் கேட்கும். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள், எப்போது எழுந்து நடக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். நடந்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அவள் நடக்கிற நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நாங்கள் இரண்டு பேரும் என்னதான் செய்கிறோம் என்று வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. முடிந்தவரை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பந்தின் மேற்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள புள்ளிகளைப் பட்டியல் போட முடியாது. எவ்வளவு நீளமான பட்டியலிலும் அடங்காது. அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து யோசிக்கச் சொன்னால் எதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்? அதனால் பந்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளாக நினைத்துக்கொண்டு, துண்டுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவோம். எண்களைக் கம்ப்யூட்டர் பட்டியல் போடும். பிறகு அந்தத் துண்டுகளைப் பற்றிப் பேச ஒரு மொழி. மகா கஞ்சத்தனமான மொழி. 'எல்லாத் துண்டுக்கும்' என்று சொல்லலாம், 'ஏதோ ஒரு துண்டு உண்டு' என்று சொல்லலாம், 'இதுவும் அதுவும் சந்திக்கின்றன', 'இது அதற்குள் அடங்குகிறது' என்று சொல்லலாம். இவற்றை மறுக்கலாம், சேர்க்கலாம். அவ்வளவுதான். துண்டுகளைக் கூட்டம் கூட்டமாக எடுத்து 'எல்லாக் கூட்டத்துக்கும்' என்று வாயைத் திறக்கக் கூடாது. இதற்கு முதல்நிலைத் தருக்கம் என்று பெயர். பந்து மாதிரியான பரப்புகளை நாங்கள் வெளி என்போம்; இந்தக் கஞ்ச மொழியில் ஒரு வெளியைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும், சொன்னதில் எதையெல்லாம் கம்ப்யூட்டர் தானே கண்டுபிடிக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

என் மாமியாரிடம் இதை ஒருமுறை சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் விளக்கினார். "என் பசங்க கண்ணாடியை வெட்டறாங்க. மருமகளுங்க ரெண்டு பேரும் ஒண்ணுமில்லாததை வெட்டறாளுங்க."

இந்த வேலையில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. இந்த வேலையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதில் விழுந்திருக்கிறோம். இரண்டு துண்டுகள் சந்திக்கின்றன என்றால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு புள்ளியாகப் போட்டுக்கொண்டே போகும், ஏதோ ஒன்று இரண்டிலும் விழுந்ததும் "ஆமா, சந்திக்கின்றன" என்று சொல்லிவிடும். சந்திக்கவில்லை என்றால்? புள்ளி போட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் போட்டும் விழவில்லை என்றால் ஆயிரத்தோராவது விழலாம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் மணி அடிப்பார், தெரிந்துவிடும். அவர் வரவே போவதில்லை என்பதற்கு எந்த மணியும் அடிக்காது. ஆனால் காகிதத்தில் எழுதும்போது கை தானாக 'இவை இரண்டும் சந்திக்காததால்' என்று எழுதிக்கொண்டு போய்விடும். அது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மறந்துவிடுவோம். நாற்பது பக்க நிரூபணம் அந்த ஒரு வரியில் குப்பையாகும்.

இதற்காகத் தருக்க அறையில் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். மெஷின் உட்காருவது என்று பெயர். ஒருத்தி கட்டுரை எழுதி முடித்தால், வெளியே அனுப்புவதற்கு முன்னால் மற்றவள் மெஷினாக உட்கார வேண்டும். மெஷினின் முன்னால், துண்டுகளுக்குப் பதில் எண் போட்ட வட்டங்கள் வரைந்த ஒரு தாள், ஒரு பேனா, ஒரு ஸ்கேல். வெளியில் ஓட்டைகள் இருக்கலாம், அதனால் தாளில் இரண்டு வட்டங்கள் ஏறிக் கிடந்தாலும் அங்கே வெளியின் புள்ளி இருக்கும் என்று நிச்சயமில்லை. எழுதியவள் தன் நிரூபணத்தைப் படித்துக்கொண்டே எங்கெங்கே தகவல் தேவையோ அங்கெல்லாம் கேட்பாள். "ஏழும் பன்னெண்டும் சந்திக்குதா?" மெஷின் புள்ளி வைத்துக்கொண்டே போகும். இரண்டிலும் விழுந்தால் "ஆமா". "ரெண்டும் விலகியிருக்கா?" என்று கேட்டால் ஸ்கேலை வைத்துப் பார்க்கும்; இரண்டு வட்டத்தின் ஆரங்களையும் கூட்டினாலும் எட்டாத தூரத்தில் மையங்கள் இருந்தால் "ஆமா". மற்ற எந்தக் கேள்விக்கும் மெஷின் வாயைத் திறக்கக் கூடாது. தெரியாது என்றும் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. சும்மா புள்ளி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மௌனத்திலேயே எழுதியவளுக்கு எங்கே இடிக்கிறது என்று புரிந்துவிடும். எத்தனையோ முறை நான் புள்ளி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அவள் "போச்சு" என்று ரப்பரை எடுத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு இதை என் சமையலறை மேஜையில் செய்தோம். கொழுந்தன் தண்ணீர் குடிக்க வந்தால் எங்களைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே கீழே இறங்கிவிடுவார்.

இனி பொறாமைக்கு வருகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நான் ஒரு கட்டுரைக்கு இரண்டு வருஷம் மண்டை காய்வேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டே, "அக்கா, அந்த மூணாவது நிபந்தனையைத் தூக்கிட்டா என்ன?" என்பாள். தூக்கினால் சரியாக வரும். என் மாணவர்கள் என்னிடம் பதிவு செய்துகொண்டு அவளிடம் சந்தேகம் கேட்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர்கள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஓ, நீங்கதான் அவங்களோட ஓரகத்தியா?" என்பார்கள். நான் அவளுக்கு மூன்று வருஷம் முன்பே அந்தக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவள்! வீட்டிலும் அதே கதை. மாமியார் கால் வலிக்குத் தைலம் நான் தேய்ப்பேன், "சின்னவ கை பட்டாலே வலி போயிடுது" என்று என்னிடமே சொல்வார். இதையெல்லாம் அவள் வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்திருப்பேன். அவளோ தன்னைப் பாராட்டுகிறவர்களிடம், "அக்காகிட்ட கத்துக்கிட்டதுதான்" என்பாள். அதைக் கேட்டால் எனக்குக் காதில் புகை வரும்.

என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது, அவள் கை படாதது. ஒரு கேள்வி. புள்ளிகளையும் தூரங்களையும் வைத்துச் சொல்லப்பட்ட ஒரு வெளியை, துண்டுகளை மட்டும் வைத்து, சந்திப்பதும் சந்திக்காததும் இரண்டுமே பட்டியலில் வரும்படி கம்ப்யூட்டராலேயே திரும்ப எழுத முடியுமா? எல்லா வெளிகளுக்கும் முடியாது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்து வெளிகளுக்கு முடியும் என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றியது. ஒன்பது வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் பெயரில் ஒரு தேற்றம். நான் போன பிறகும் யாராவது ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதிப் பார்க்கிற மாதிரி ஒன்று. வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அது மட்டும்தான். அவளுக்கும் தெரியும். அந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையைக்கூட வாராமல் படி இறங்கி வந்தாள். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வேற எதையோ பண்ணிட்டிருந்தேன், அது தானா உங்க கேள்விக்கு வந்து முட்டிருச்சு. முடிஞ்ச மாதிரி இருக்கு. மெஷின் உக்கார்றீங்களா?"

தானாக வந்து முட்டியதாம். என் ஒன்பது வருஷம் அவளுக்குக் கால் இடறிய கல்! "கொண்டா" என்றேன். வேறு என்ன சொல்ல? மேஜையைத் துடைத்துத் தாளை விரித்தேன். அவள் படித்தாள், நான் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு பக்கமும் அழகாக இருந்தது. நான் பார்த்துப் பார்த்துக் கட்டி, கட்டிக் கட்டி இடிந்த இடங்களை எல்லாம் அவள் சுற்றிக்கொண்டு போயிருந்தாள். இருபத்தாறாம் பக்கம் வந்தோம்.

"நாப்பத்தொண்ணும் அறுபதும் விலகியிருக்கா?"

ஸ்கேலை வைத்தேன். எட்டுகிற தூரம்தான். புள்ளி வைத்தேன், இன்னும் வைத்தேன், எதுவும் இரண்டிலும் விழவில்லை. விலகியும் இருக்கலாம், சந்திக்கவும் செய்யலாம். அந்தப் பொறிதான். அவளே விழுந்திருக்கிறாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா புள்ளி வைத்துக்கொண்டிருப்பதுதான். இரண்டு நிமிஷத்தில் "போச்சு" என்று ரப்பரை எடுப்பாள். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். மாடிக்குப் போய் ஒரு வாரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எட்டாம் நாள் நடப்பாள். சரிசெய்துவிடுவாள். என் தேற்றம் அவள் தேற்றமாகிவிடும்.

"ஆமா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாவா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். கீழே கடையில் கண்ணாடி வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் பதினான்கு பக்கத்துக்கும் நான் ஒழுங்காக, நேர்மையாக மெஷின் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மாநாட்டில் அதைப் பேசினாள். இவ்வளவு அவசரப்படுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்போது நான் அதை யோசிக்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு தாடிக்காரர் எழுந்தார். "இருபத்தாறாம் பக்கத்தில், இரண்டும் விலகியிருப்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?" என்று மென்மையாகக் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கப் போகிறாள், அவ்வளவுதான், என் மானம் போச்சு என்று நினைத்தேன். நான் குனிந்து பையில் எதையோ தேடினேன்.

"அதுக்கான காரணம் இப்ப என்கிட்ட இல்லை" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ரயிலில் ஊர் திரும்பும் வரை இருந்தது. வீட்டில் மாமியார் அவள் தலையைத் தடவி, "யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார். நான் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னிடம், "பாவம்ல அது? நீயாவது முன்னாடியே பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "நான் என்ன எல்லாம் தெரிஞ்சவளா?" என்று வள்ளென்று விழுந்தேன். அன்றோடு சந்தோஷம் தீர்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைத் தின்றது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காதான் ஆமா சொன்னாள் என்று கொழுந்தனிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும்போல் படி இறங்கி வந்தாள், சர்க்கரை வாங்கிப் போனாள், "அக்கா" என்றாள். மெஷின் உட்காருவது மட்டும் நின்றுபோனது. நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. என்ன பெருந்தன்மை பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கில்தான் என்னை மிஞ்சினாள் என்றால் குணத்திலுமா மிஞ்ச வேண்டும்? ஏழு வருஷம் அவளுடைய அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். முன்பிருந்ததைவிட இது மோசம். தேற்றத்தை நாமும் ஒருநாள் நிரூபித்துவிடலாம் என்று நம்பலாம். இதற்கு அப்படி ஒரு நம்பிக்கையும் கிடையாது.

அந்த ஏழு வருஷத்தில் சின்னச் சின்னதாக ஒன்பது கட்டுரை எழுதினாள். நான் மூன்று. எங்கள் இருவரில் யாரும் அந்தப் பழைய கேள்வியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த இருபத்தாறாம் பக்கத்தை நான் தனியாகச் சரிசெய்யப் பார்த்தேன், அசையவில்லை. இந்த வருஷம் அவளுக்கு வேறு ஊர் ஆய்வு நிலையத்தில் பெரிய வேலை கிடைத்தது. கொழுந்தன் அங்கேயே கடைக்கு இடம் பார்த்துவிட்டார். துறையில் மலர் போட்டார்கள், நானும் என் பக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.

கிளம்புகிற அன்று காலை மூட்டை கட்ட உதவலாம் என்று மேலே போனேன். கண்ணாடி சுற்றுகிற வைக்கோலை வைத்துப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன். அவள் திடீரென்று கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நீங்க ஆமா சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

நான் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"ஸ்கேலுக்கு எட்டற தூரம். ஸ்கேலை வச்சு ஆமா சொல்ல முடியாது. அப்ப உங்களுக்கு வேற ஏதோ வழி தெரிஞ்சிருக்கு, வாய் தவறி ஆமா சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். ஒன்பது வருஷம் அதுலயே இருந்தவங்க, சும்மா சொல்லுவீங்களா? உங்ககிட்ட காரணம் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா அது உங்க தேற்றம் ஆயிடும். அதனால அவசர அவசரமா நான் பேசிட்டேன். உங்க ஆமாவைத் திருடிட்டேங்க்கா."

கட்டி முடித்த பெட்டியின் மேலேயே நான் உட்கார்ந்தேன்.

"அந்தத் தாடிக்காரர் கேட்டப்ப உங்களைப் பாத்தேன். எழுந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீங்க. திருடினவளுக்கு எதுக்குக் குடுக்கணும்னு நெனச்சிருப்பீங்க. நியாயந்தான். உங்களைப் பாத்தா எனக்கு முதல் நாள்லேர்ந்தே பொறாமைக்கா. எதையாவது புடிச்சா விடாம ஒன்பது வருஷம் உக்காந்திருப்பீங்க. எனக்கு அது வராது. ஒரு வாரத்துல வரலன்னா வேற எதுக்காவது ஓடிடுவேன்."

என்மீது பொறாமையா! என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இருபது வருஷமாக ஒரே ஆளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவளைப் பார்த்து அந்த ஆளும் வெந்திருக்கிறாள். அவள் பெருந்தன்மைக்காரி இல்லை, என்னை மாதிரிதான். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அது அரை நிமிஷம் இருந்திருக்குமா?

"இத்தனை வருஷமா அந்த ஒரு ஆமாவைத்தான் தேடறேன். சின்னக் கட்டுரையெல்லாம் கைவேலை. மனசு பூரா இதுதான். நீங்க சொன்னதால அது இருக்குன்னு தெரியும். அது மட்டும் தெரியலன்னா என்னைக்கோ விட்டிருப்பேன். புது இடத்துலயும் இதைத்தான் பண்ணப் போறேன்" என்றாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லுங்கக்கா. எப்படி ஆமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் கீழே போயிருந்தால் சாகும்வரை அவள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியே செய்துவிடலாமா என்று யோசித்தேன், உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாரத்துக்குமேல் எதிலும் உட்காராதவள் ஏழு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள், நான் வயிற்றெரிச்சலில் சொன்ன ஒரு சொல்லுக்காக. இன்னும் எத்தனை வருஷம் உட்காருவாள்?

"காரணமே இல்லடி" என்றேன். "பொய் சொன்னேன். நீ மாட்டிக்கணும்னு சொன்னேன். பொறாமைல சொன்னேன். என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

அவள் முகம் மெல்ல மாறியது. கோபப்படுவாள், அழுவாள், ஏதாவது எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லுங்கக்கா. அதுக்கு எதுக்கு இப்படி ஒரு கதை?"

"சத்தியமாச் சொல்றேன்டி."

"நான் திருடினவதான். ஒத்துக்கறேன். ஆனா நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. பொறாமைப்படற ஆளும் இல்ல. அது எனக்குத் தெரியாதா?"

எவ்வளவு சொன்னேன் தெரியுமா? தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். மாமியாரைப் பற்றி, தைலத்தைப் பற்றி, என் மாணவர்களைப் பற்றி, கூரையில் கேட்கும் அவள் காலடியைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம்தான் வலுத்தது. இவ்வளவு நீளமாக ஒரு கதை கட்டி மறைக்கிறாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட காரணமாக இருக்கும் என்று அவள் கண்ணில் ஆசை மின்னியது. கடைசியில் நான் கீழே ஓடிப்போய் அலமாரியைத் திறந்து, அந்தக் கேள்வியில் நான் கிறுக்கிய நோட்டுகள் அத்தனையையும் வாரிக்கொண்டு வந்தேன். பதினேழு நோட்டுகள். கண்ணாடி ஏற்றுகிற வேனில் அவள் பெட்டிகளுக்கு நடுவே நானே சொருகினேன். "நீயே பாத்துக்கோ. ஒரு பக்கம் விடாமப் பாரு. அப்பவாவது நம்பு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள். கொழுந்தன் வேனைக் கிளப்பினார்.

பன்னிரண்டு நாள் கழித்து போன் வந்தது. ஊர், வீடு, கடை, தண்ணீர் வசதி எல்லாம் சொன்னாள். மாமியார் காலைப் பற்றிக் கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"நோட்டு எல்லாத்தையும் பாத்துட்டேங்க்கா. ஒரு வரி விடல. அது இதுல இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "மிச்ச நோட்டை எப்பக்கா அனுப்புவீங்க?"

மிச்சம் என்று ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "சரிக்கா, உங்களுக்கு மனசு வர்றப்ப அனுப்புங்க" என்றாள். குரலில் பொறாமை அப்படியே இருந்தது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? கேவலம் என்று தெரிந்தும் சொல்கிறேன், போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.